அந்த இன்னொரு டச்

வணக்கம் சார்,

டாக்காவில் நம் இந்தியக் கால்பந்து அணி பங்களாதேஷிடம் 0-1 எனத் தோற்றதிலிருந்து மனசே சரியில்லை. கோல் பக்கம் போனதும் நம் ஆட்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தன்னம்பிக்கைதான் குறை, ஒரு மனநல ஆலோசகரைப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் என் நண்பர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? என் மகனுக்கு 14 வயது. ஸ்ட்ரைக்கர், அதாவது முன்னால் நின்று கோல் அடிக்கும் ஆட்டக்காரர், ஆவேன் என்கிறான். அவனிடம் என்ன சொல்வது?

வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகர்

வணக்கம்.

எனக்கும் அந்த ஆட்டம் வலித்தது. 22 வருடங்களுக்குப் பிறகு பங்களாதேஷிடம் தோற்றிருக்கிறோம். பதினோராவது நிமிடத்தில் விழுந்த ஒரு கோலுக்குக் கடைசிவரை நம்மிடம் பதில் இல்லை.

நம்பிக்கை இல்லை என்பது உண்மைதான். 2024-இல் 11 ஆட்டம் ஆடி ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. அடித்தது மொத்தம் 4 கோல். அதில் ஒன்று நம் மூத்த ஸ்ட்ரைக்கர் சுனில் சேத்ரியின் பெனால்டி, இன்னொன்று டிஃபெண்டர் ராகுல் பேகே கார்னரில் தலையால் முட்டியது. கோச்சையும் மாற்றிப் பார்த்தாயிற்று: ஸ்டிமாச், மனோலோ மார்க்கேஸ், 2025-இல் காலித் ஜமீல். காலித் வந்ததும் 2025 செப்டம்பரில் ஓமானைப் பெனால்டி ஷூட்அவுட்டில் வென்றோம். எவ்வளவு சந்தோஷப்பட்டேன்! அடுத்த மாதமே கோவாவில், முதலில் கோல் அடித்தும் சிங்கப்பூரிடம் 1-2 எனத் தோற்று ஆசியக் கோப்பை வாய்ப்பையே இழந்தோம்.

இந்த ஆட்டங்களைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். கோலுக்கு முன்னால் இருக்கும் பாக்ஸுக்குள் பந்து வருகிறது. நம் ஆள் முதல் டச்சில் நிறுத்துகிறார். சரி, அடிக்கலாம். அடிக்காமல் இன்னொரு டச் எடுத்துப் பந்தை வாகான காலுக்கு மாற்றுகிறார். அதற்குள் டிஃபெண்டரின் கால் குறுக்கே வந்துவிடுகிறது. பயம் என்று நாம் சொல்வது அந்த இன்னொரு டச்சைத்தான். அதை ஆலோசகர் பேசிப் போக்கிவிட முடியும் என்று நான் நம்பவில்லை.

ஏனென்றால் அந்த இடமே அவர்களுக்குப் பழக்கமில்லை. ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) அணிகள் களத்தில் 4 வெளிநாட்டு வீரர்களை இறக்கலாம். அவர்களில் ஒருவர் பெரும்பாலும் நடு ஸ்ட்ரைக்கர். நம் பையன்கள் மைதானத்தின் ஓரத்துக்கு, விங்குக்குத் தள்ளப்படுகிறார்கள், இல்லையென்றால் பெஞ்சில் உட்காருகிறார்கள். 2024-25 சீசனில் இந்தியர்களில் அதிக கோல் அடித்தவர் சேத்ரி. 14 கோல், வயது 40! இந்திய அணியிலிருந்து ஓய்வு பெற்ற அவரையே 2025 மார்ச்சில் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. வாரா வாரம் கோல் முன்னால் நிற்காதவன், நாட்டுக்காக ஆடும் அன்று மட்டும் யோசிக்காமல் எப்படி அடிப்பான்? அந்தப் பையன்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம், உங்கள் மகன். தினமும் காலையில் இரண்டு பக்கத்திலிருந்தும் பந்தைப் போட்டுக் கொடுங்கள். நிறுத்தாமல், வந்த வேகத்தில் அடிக்கட்டும், இடது காலாலும். பத்தில் எட்டு வெளியே போகும். போகட்டும். அப்போது கோட்டுக்கு வெளியே நின்று யாரும் கத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல உயரமாக வளர்ந்தான் என்றால் கோச் அவனை டிஃபென்ஸில் போடப் பார்ப்பார். ஒரு வருடமாவது முன்னால் ஆடவிடச் சொல்லிக் கேளுங்கள்.