பாட்டை விற்று ஆல்பம் போடலாமா?

கேள்வி: எனக்கு 29 வயது. ஊர் கோவை. நான்கு வருடம் ஐ.டி. வேலை பார்த்தேன். அதை விட்டுவிட்டு இரண்டு வருடங்களாக முழுநேரப் பாடகி. சொந்தமாகப் பாட்டு எழுதி, மெட்டமைத்து, கிட்டாரோடு பாடுகிறேன். போன நிதியாண்டில் (2025-26) ஒரு ஹோட்டல் லவுஞ்சில் 36 இரவுகள், சின்ன கஃபேக்களில் 24 இரவுகள் பாடினேன். இரவுக்கு 3,000 ரூபாய். கல்யாண வரவேற்பு 14, தலா 15,000. ஒரு ஈவென்ட் மேனேஜர் மூலமாக கம்பெனி, கல்லூரி விழாக்கள் 6, தலா 20,000. எட்டு பேருக்கு கிட்டார் வகுப்பு, ஆளுக்கு மாதம் 1,500. விளம்பரத்துக்குப் பாடியது, கோரஸ் பாடியது 30,000. ஸ்பாட்டிஃபை, யூடியூப் எல்லாம் சேர்த்து 9,200. டெபாசிட்டில் 3 லட்சமும் பழைய பி.எஃப். கணக்கில் 1.9 லட்சமும் இருக்கின்றன. மருத்துவக் காப்பீடு இல்லை.

பத்துப் பாட்டு கொண்ட ஆல்பத்துக்கு ஸ்டூடியோவில் 3.5 லட்சம் கேட்கிறார்கள். ஒரு மியூசிக் கம்பெனி 2 லட்சம் அட்வான்ஸ் தருகிறது. ஆனால் ரெக்கார்டிங் செலவு என்னுடையது, எல்லா உரிமையும் நிரந்தரமாக அவர்களுடையது. 'அது வேண்டாம், 14% வட்டியில் 3 லட்சம் பர்சனல் லோன் போடு' என்கிறான் நண்பன். சித்தப்பா, வருடம் 60,000 கட்டும் எண்டோமென்ட் பாலிசி (சேமிப்பும் ஆயுள் காப்பீடும் சேர்ந்தது) எடுக்கச் சொல்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: கம்பெனியின் ஒப்பந்தத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். லோனும் வேண்டாம். சித்தப்பாவுக்கு நன்றி சொல்லிவிடுங்கள், பாலிசி எடுக்க வேண்டாம். ஆனால் ஆல்பத்தைத் தள்ளிப்போடச் சொல்ல மாட்டேன். அதற்கு உங்களிடமே பணம் இருக்கிறது.

முதலில் வரவைக் கூட்டிப் பார்த்தேன். 6,93,200 ரூபாய். கல்யாணங்களுக்கும் கம்பெனி விழாக்களுக்கும் கஹோன் வாசிக்கும் தம்பியை அழைத்துப் போவதாக மின்னஞ்சலில் சொன்னீர்கள். அவருக்கு ஒரு நிகழ்ச்சிக்கு 4,000 என்றால் 20 நிகழ்ச்சிக்கு 80,000. வண்டி வாடகை, கிட்டார் கம்பி, மைக் ரிப்பேர் என்று நீங்கள் குத்துமதிப்பாகச் சொன்ன 60,000-ஐயும் கழித்தால், கையில் நிற்பது 5,53,200. மாதச் சராசரி 46,000-க்குப் பக்கம். இந்தச் சராசரிதான் உங்களை ஏமாற்றுகிறது. நல்ல மாதத்தில் 'எனக்கு 46,000 வருகிறதே' என்று 40,000 செலவழிக்கிறீர்கள். ஆடி பிறந்ததும் கல்யாணம் கிடையாது. வகுப்பிலிருந்து 12,000, ஐந்து இரவு பாடிய 15,000, மொத்தம் 27,000. புரட்டாசியும் மார்கழியும் இதே கதை. பத்து சபாக்களுக்கு ஓடுகிற கர்நாடக சங்கீதக்காரர்களுக்கு மார்கழி அறுவடைக் காலம். ரிசப்ஷன் மேடையை நம்பியிருக்கிற உங்களுக்கு, டிசம்பர் 31 இரவை விட்டால் அதில் ஒன்றுமில்லை.

ஆகவே, உங்கள் சம்பளம் 27,000. அதை ஆடி மாதம் நிர்ணயித்துவிட்டது. எல்லா வருமானமும் ஒரு தனி வங்கிக் கணக்கில் விழட்டும். ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி அதிலிருந்து 27,000 மட்டும் உங்கள் சொந்தக் கணக்குக்கு மாறட்டும். வீட்டுக்குத் தருவதும் பெட்ரோலும் புடவையும் அதற்குள்ளேதான். தை மாதம் நான்கு கல்யாணம் பாடினாலும் 27,000தான். இப்படி இருந்தால் ஆண்டு முடிவில் 2,29,200 ரூபாய் மிஞ்சும். போன வருடமும் இவ்வளவு மிஞ்சியிருக்க வேண்டும். மிஞ்சவில்லை என்றால் அது எங்கே போனது என்று யூபிஐ பட்டியலைப் புரட்டினால் தெரியும்.

வறண்ட மாதங்களை நிரப்பவும் வழி இருக்கிறது. கோவையில் இருந்துகொண்டு ஓணத்தை விடலாமா? ஆடி முடிந்ததும் மலையாளத்தில் சிங்ஙம் மாதம் பிறக்கிறது. கல்யாணங்கள், மலையாளி சங்க விழாக்கள் எல்லாம் வரிசை கட்டும், பாலக்காடு ஒரு மணி நேரப் பயணம். நான்கு மலையாளப் பாட்டு கற்றுக்கொள்வது, எந்த மியூச்சுவல் ஃபண்டும் தராத வருமானத்தைத் தரும்.

அடுத்தது வரி. இங்கே உங்கள் பணம் சும்மா கிடக்கிறது. ஹோட்டல் உங்களுக்கு ஆண்டில் கொடுத்தது 1,08,000. ஈவென்ட் மேனேஜர் கொடுத்தது 1,20,000. ஒருவருக்கு ஆண்டில் 50,000-க்கு மேல் தொழில்முறைக் கட்டணம் கொடுத்தால் 10% டி.டி.எஸ். (பணம் தருபவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வரி) பிடிக்க வேண்டும் என்பது 2025 ஏப்ரல் முதலான விதி. அவர்கள் பிடித்திருப்பது மொத்தம் 22,800. வருமான வரி இணையதளத்தில் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து, அந்தத் தொகை உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு, தள்ளுபடி போக வரியே இல்லை. உங்கள் வருமானம் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. ரிட்டர்ன் தாக்கல் செய்தால் 22,800-ம் திரும்பி வரும். உரிய தேதியைத் தவறவிட்டால் டிசம்பர் 31 வரை தாக்கல் செய்யலாம். ஆனால் 5 லட்சத்துக்கு மேல் வருமானம் என்பதால் 5,000 தாமதக் கட்டணம் உண்டு. வேலையை விட்ட முதல் வருடத்துக்கு ரிட்டர்னே போடவில்லை என்கிறீர்கள். அதற்கான கெடு முடிந்துவிட்டது. புதுப்பித்த ரிட்டர்ன் என்று ஒன்று இருக்கிறது. அதில் ரீஃபண்ட் கேட்க முடியாது. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி வருமான வரித் துறைக்கு மனு கொடுக்கலாம், ஆடிட்டரிடம் கேளுங்கள்.

'பாதியை மட்டும் வருமானமாகக் காட்டினால் போதும், 44ஏடிஏ பிரிவு இருக்கிறது' என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பிரிவுக்கான தொழில் பட்டியலில் பாடகர், பாடலாசிரியர் என்ற சொற்கள் இருப்பது உண்மை. ஆனால் அவை 'திரைப்படக் கலைஞர்' என்ற வரையறைக்குள்தான் வருகின்றன. சினிமாவுக்கு வெளியே மேடையில் பாடுகிறவர் அதில் சேர்வாரா என்பதில் ஆடிட்டர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. உண்மைக் கணக்கைக் காட்டினாலே வரி பூஜ்யம் என்னும்போது உங்களுக்கு ஏன் இந்த வம்பு? வரவு செலவை ஒரு ஷீட்டில் எழுதுங்கள். கஃபேக்காரர் கையில் கொடுக்கும் ரொக்கமும் அதில் ஏறட்டும். நாளை வீட்டுக் கடன் கேட்டுப் போனால், சம்பளச் சீட்டு இல்லாதவரிடம் வங்கி முதலில் கேட்பது இரண்டு, மூன்று வருட ரிட்டர்னைத்தான்.

ஜிஎஸ்டி பற்றி இப்போது கவலை வேண்டாம். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால்தான் பதிவு. கம்பெனி விழாப் பணம் மூன்று மாதம் இழுத்தடிக்கிறது என்ற புலம்பலுக்கு ஒரு மருந்து உண்டு: உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். அரசுத் தளத்தில் அது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். பதிவு எண்ணை பில்லில் போட்டால், அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டியது சட்டப்படி அவர்கள் கடமை. கல்யாண வீடுகளில் சட்டம் பேச முடியாது. பாதி அட்வான்ஸ், மீதி சவுண்ட் செக் முடிந்ததும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பந்தி முடிந்த பிறகு மாப்பிள்ளையின் மாமாவைத் தேடி அலையும் பாடகர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி ஒப்பந்தம். கம்பெனி தரும் 2 லட்சத்தைப் பத்துப் பாட்டுக்கும் பிரித்தால், பாட்டுக்கு 20,000. ரெக்கார்டிங்குக்கு நீங்கள் தருவது பாட்டுக்கு 35,000. ஒவ்வொரு பாட்டுக்கும் கையிலிருந்து 15,000 போட்டு, அதையும் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறீர்கள். இதை அட்வான்ஸ் என்று அவர்கள் எந்தக் கணக்கில் சொல்கிறார்களோ!

நம் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவுக்கு முன்கையெடுத்துப் பொறுப்பேற்பவரே அதன் தயாரிப்பாளர். பணம் போட்டு நீங்களே ரெக்கார்டிங் நடத்தினால் அந்த மாஸ்டர் (மூல ஒலிப்பதிவு) உங்களுடையது, வெளியிட்டதிலிருந்து 60 ஆண்டுகளுக்கு. வரிகளும் மெட்டும் உங்கள் ஆயுள் முழுக்க, அதற்குப் பிறகும் 60 ஆண்டுகள் உங்கள் சொத்து. மேடையில் வாங்குவது கூலி, பாட்டு நிலம். ஆடி மாதச் செலவுக்காக யாரும் நிலத்தைக் கிரயம் செய்வதில்லை.

2012-இல் வந்த திருத்தம் உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு கவசம். சினிமாவில் இல்லாத ஒலிப்பதிவானாலும், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை யாருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. வாரிசுகளும் பதிப்புரிமைச் சங்கமும் மட்டுமே விலக்கு. உரிமையை வாங்கியவரோடு அந்த ராயல்டி சரிசமமாகப் பிரிய வேண்டும். ஆகவே 'எல்லா ராயல்டியையும் விட்டுக்கொடுக்கிறேன்' என்ற வரி அந்த ஒப்பந்தத்தில் இருந்தால், அதற்குச் சட்டத்தில் மதிப்பில்லை. ஆனால் மாஸ்டருக்கு இந்தக் கவசம் கிடையாது. எழுதிக் கொடுத்தால் போனது போனதுதான். இன்னொன்று: காலம் குறிப்பிடாத உரிமை மாற்றத்தைச் சட்டம் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் எடுத்துக்கொள்கிறது. 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்று அவர்கள் மெனக்கெட்டு எழுதியிருப்பது அதனால்தான்.

எழுதுவதும் மெட்டமைப்பதும் நீங்களே என்பதால் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராகுங்கள். 1969 முதல் இருக்கும் சங்கம், ஹோட்டல், எஃப்.எம்., ஸ்ட்ரீமிங் என்று பல இடங்களில் வசூலித்துப் பிரித்துத் தருகிறார்கள். பாடகியாக உங்களுக்குள்ள பங்குக்கு இசாம்ரா என்ற பாடகர் சங்கம் தனி. அந்த ஹோட்டல் லவுஞ்சில் சொந்தப் பாட்டு பாடும் இரவுகளில் என்னென்ன பாடினீர்கள் என்று எழுதி வையுங்கள். கல்யாணத்தில் பாடுவதற்கு இந்த ராயல்டி கிடையாது; திருமணச் சடங்குகளுக்கும் அதையொட்டிய கொண்டாட்டங்களுக்கும் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது.

நண்பர் சொன்ன லோன். 3 லட்சம், 14%, மூன்று வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 10,250. உங்கள் பாட்டுகள் ஸ்ட்ரீமிங்கில் ஒரு வருடம் முழுக்க ஈட்டியது 9,200. இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

சரி, ஆல்பத்துக்கு எங்கிருந்து பணம்? டெபாசிட்டில் உள்ள 3 லட்சத்தில் ஆறு மாதச் சம்பளமான 1,62,000-ஐத் தொடவே கூடாது. உடனே எடுக்கக்கூடிய ஸ்வீப் டெபாசிட்டிலோ லிக்விட் ஃபண்டிலோ அது இருக்கட்டும். மிச்சம் 1,38,000. அதில் முதல் செலவு மருத்துவக் காப்பீடு. உங்கள் வயதில் 10 லட்சம் பாலிசிக்கு பிரீமியம் பத்தாயிரத்தை ஒட்டி வரும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டியும் இல்லை. குரலை வைத்துப் பிழைப்பவர் நீங்கள். தொண்டையில் பிரச்சினை வந்த பிறகு பாலிசி தேடினால் காத்திருப்புக் காலம் குறுக்கே நிற்கும். ஆரோக்கியமாக இருக்கும் இந்த மாதமே எடுங்கள்.

மீதியில் மூன்று பாட்டை ஸ்டூடியோவில் முடிக்கலாம், 1,05,000. பத்தையும் ஒரே நாளில் வெளியிட வேண்டாம் என்பதற்குப் பணக் காரணமும் உண்டு. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு அதன் ஒலிப்பதிவு ராயல்டி கிடையாது. பத்துப் பாட்டு ஒன்றாக வந்தால் இரண்டைக் கேட்பார்கள், எட்டு தூங்கும். இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று விட்டால் ஒவ்வொன்றையும் தள்ளிவிட உங்களுக்கு நேரம் கிடைக்கும், மேடையிலும் பாடிப் பார்க்கலாம். அடுத்த ஏழு பாட்டுக்கு வேண்டியது 2,45,000; மேலே சொன்ன ஆண்டு மிச்சத்தில் பாதியை ஒதுக்கினாலே இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான். பாட்டை ஸ்பாட்டிஃபை போன்றவற்றில் ஏற்றித் தரும் விநியோகத் தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஆண்டுச் சந்தாவா, ஒருமுறைக் கட்டணமா என்று பாருங்கள். சிலவற்றில் சந்தா நின்றால் பாட்டையே இறக்கிவிடுவார்கள். யூடியூபில் வரிப் படிவத்தை நிரப்பாமல் விட்டிருந்தால் உடனே நிரப்புங்கள். நிரப்பினால் அமெரிக்காவில் பார்ப்பவர்கள் மூலம் வரும் பணத்துக்கு மட்டும் 15% பிடிப்பார்கள். நிரப்பாவிட்டால் உலகம் முழுவதும் வரும் வருமானத்திலும் 24% வரை போகும்.

மிச்சத்தின் மற்ற பாதி எதிர்காலத்துக்கு. சித்தப்பாவின் பாலிசி உங்களுக்குப் பொருந்தாததற்குக் காரணம் அதன் குறைந்த வருமானம் மட்டுமில்லை. ஒவ்வொரு வருடமும் தவறாமல் 60,000 கேட்கும் எதுவும், ஆடியிலும் புரட்டாசியிலும் கை காயும் தொழிலுக்கு ஆகாது. பி.பி.எஃப். ஆண்டுக்கு 500 கட்டினாலும் ஏற்றுக்கொள்ளும், 1.5 லட்சம் கட்டினாலும் ஏற்றுக்கொள்ளும். தை, வைகாசி, ஆவணியில் கை நிறைந்திருக்கும்போது அதிலும் ஒரு இண்டெக்ஸ் ஃபண்டிலுமாகப் போடுங்கள். பழைய பி.எஃப். அப்படியே இருக்கட்டும், ஐந்து வருட சர்வீஸ் முடியாததால் இப்போது எடுத்தால் அந்தத் தொகை வரிக் கணக்கில் சேரும், உள்ளே இருந்தால் வட்டி ஏறும். 2024-25க்கு அது 8.25%. உங்களை நம்பி யாரும் இல்லாதவரை டேர்ம் பாலிசிகூட (சேமிப்பு சேராத வெறும் ஆயுள் காப்பீடு) அவசரமில்லை. அப்பா ஓய்வு பெற்று வீட்டுச் செலவு உங்கள் தலையில் விழும்போது எடுங்கள்.

கம்பெனிக்கு முகத்தில் அடித்தாற்போல் பதில் எழுத வேண்டாம். முடித்த மூன்று பாட்டுக்கு மட்டும், மாஸ்டரை விற்காமல் ஐந்து வருட உரிமமாகத் தரத் தயார் என்று எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, ஒரு வருடத்துக்குள் வெளியிடாவிட்டால் உரிமை தானாகத் திரும்ப வேண்டும் என்பதையும் சேருங்கள். அவர்கள் அனுப்பும் மறுவரைவைப் பதிப்புரிமை தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். அவருடைய ஃபீஸையும் ரெக்கார்டிங் பட்ஜெட்டிலேயே எழுதுங்கள்.