ரங்கூன் அரிசியும் மரச்சீனிக் கிழங்கும்

அலமாரியில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத புத்தகங்களுக்குள் எதிர்பாராத தொடர்பு தட்டுப்பட்டதுண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உண்டு, அதுவும் கறையான் புண்ணியத்தில்.

வீடு தக்கலைப் பக்கம். 1956 வரை இங்கெல்லாம் திருவனந்தபுரத்து ஆட்சிதான் என்பதால் எங்கள் அலமாரியில் தமிழும் மலையாளமும் கலந்தே கிடக்கும். போன மழைக்காலத்தில் அடித்தட்டில் கறையான் ஏறியதைப் பார்த்துப் பதறி, எல்லாவற்றையும் வாரிக் கட்டிலில் போட்டேன். வகைபிரிக்க ஏது நேரம், பெரிதின் மேல் சிறிதாக அடுக்கியதோடு சரி. அப்படி ஒரே அடுக்கில் வந்து சேர்ந்தவை மூன்று: வெ. சாமிநாத சர்மாவின் 'எனது பர்மா வழி நடைப் பயணம்', அட்டை போன ஒரு மலையாளத் திருவிதாங்கூர் வரலாறு, அம்மாவின் எண்ணெய்க் கறை படிந்த சமையல் புத்தகம்.

சர்மா ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகை நடத்தியவர். ஜப்பான்காரன் குண்டு போடத் தொடங்கியதும் லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள் இல்லையா, அந்தக் கூட்டத்தில் அவரும் மனைவியும் 1942இல் காடும் மலையுமாக நடந்து வந்த கதை அது. கல்லூரி நாளில் படித்துவிட்டு, பாவம் என்று நினைத்து மூடி வைத்ததுதான். இப்போது தூசி தட்டுகிற சாக்கில் அதைக் கொஞ்சம் புரட்டிவிட்டு அடியிலிருந்த வரலாற்றை எடுத்தால் அங்கேயும் அதே 1942, அதே ரங்கூன். திருவிதாங்கூருக்குச் சொந்த நெல் போதாது, பர்மா அரிசி கப்பலில் வந்தாக வேண்டும், அந்த மார்ச்சில் ரங்கூன் விழுந்ததும் அரிசி வரத்து நின்றுவிட்டது.

எனக்கு அங்கேயே உட்கார வேண்டியதாகிவிட்டது. ஏனென்றால் ஆச்சி அடிக்கடி, "ரங்கூன் அரிசி வராம போன வருசத்துல கிழங்குதான் மக்களே சோறு" என்பாள். கட்டிச்சம்பா மாதிரி ரங்கூன் என்பதும் ஒரு நெல் ரகம், ஏதோ பூச்சி விழுந்து அந்த வருடம் விளையவில்லை என்றே முப்பது வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன்! சர்மா அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்த அதே மாதங்களில்தான் இங்கே ஆச்சியின் அடுப்பில் அரிசிப்பானை இறங்கிக் கிழங்குப்பானை ஏறியிருக்கிறது.

அந்தக் கிழங்கு மரச்சீனி, மற்ற ஊர்களில் மரவள்ளி என்பார்கள். அதற்கும் ஒரு கதை உண்டு. பிரேசில் பக்கத்துச் செடி, போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாதான் அதை ஊரெல்லாம் நடச்சொல்லிப் பரப்பியவர். ஜனங்கள் விஷம் என்று பயந்தபோது அரண்மனையிலேயே அவித்துத் தின்று காட்டினார் என்று சொல்வார்கள்.

பயம் சும்மா வந்ததில்லை. சமையல் புத்தகத்தில், கிழங்கு வெந்ததும் தண்ணீரை வடித்துக் கொட்டவும் என்று ஒரு வரி இருக்கிறது, ஏன் என்று இல்லை. ஆச்சியும் ஏன் என்று சொன்னதில்லை. பானை வாயில் தட்டைச் சாய்த்துப் பிடித்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, அந்தக் கலங்கல் தண்ணீரை வாழை மூட்டில் கூட ஊற்றாமல் ஓடையில் விடுவாள். மரச்சீனியில் லினமரின் என்று ஒரு பொருள் இருக்கிறது, அதிலிருந்து சயனைடு வரும், நிறையத் தண்ணீரில் அவித்து வடித்தால் பெரும்பாலும் போய்விடும். இலையைத் தின்று ஆடு மாடு செத்த கதை எங்கள் பக்கம் எல்லார் வீட்டிலும் உண்டு.

எல்லாத் தொடர்பையும் நான் நம்புவதில்லை. உருளைக்கிழங்கைப் பிரான்சில் பரப்பிய பார்மென்டியே, வயலுக்குச் சிப்பாய்களைக் காவல் போட்டு ஜனங்களுக்கு ஆசை காட்டினார் என்று ஒரு சிறுவர் புத்தகத்தில் உண்டு. நம் மகாராஜா கதையும் அதுவும் ஒன்றேதான் என்று ஒரு நாள் முழுக்கத் துள்ளினேன். அப்புறம் பார்த்தால் ராஜா கதைகள் எங்கேயும் அப்படித்தான் இருக்கும். ஒரு புத்தகம் விட்டுப்போன கேள்விக்கு இன்னொன்றில் பதில் கிடைத்தால்தான் நான் தொடர்பு என்று ஒத்துக்கொள்வேன், வெறும் சாயலை அல்ல.

அலமாரியை இன்னும் அடுக்கவில்லை. கறையான் மருந்து வாசம் போகட்டும் என்று புத்தகமெல்லாம் கட்டிலிலேயே கிடக்கிறது, நான் தரையில் பாய் போட்டுப் படுக்கிறேன்.