பொடி விற்பனைக்கு முன் விதையையும் வேக்காட்டையும் கவனியுங்கள்

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பகுதியில் ஓர் ஏக்கரில் ஆண்டுதோறும் மஞ்சள் பயிரிடுகிறேன். கிழங்கழுகலில் ஒரு பகுதி போய்விடுகிறது. மீதிக்கும் ஏலத்தில் விலை குறைவு. மஞ்சளைப் பொடியாக்கி விற்றால் கட்டுப்படியாகுமா?

பதில்: பொடி வியாபாரம் ஓராண்டு பொறுக்கட்டும், உங்கள் பணம் அதற்கு முன்பே இரண்டு இடங்களில் கசிகிறது.

முதலாவது, விதை. கிழங்கழுகலை உண்டாக்கும் பித்தியம் பூஞ்சை மண்ணிலும் விதைக்கிழங்கிலும் தங்கியிருந்து, தண்ணீர் தேங்கும் இடத்தில் பரவுவதால், ஆண்டுதோறும் அதே வயலில் சொந்த விதையையே நடுவது நோயை நாமே வளர்ப்பதாகும். இந்த முறை அந்த வயலில் நெல்லோ வேறு பயிரோ வைத்து, மஞ்சளை வேறு வயலுக்கு மாற்றுங்கள். நோயற்ற வயலின் விதையை வாங்கி, கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நன்மைப் பூஞ்சை) கலந்து, வடிகால் விட்ட மேட்டுப்பாத்தியில் நடுங்கள். ரசாயனப் பூஞ்சைக்கொல்லியை அதனுடன் கலக்கக் கூடாது. ஏக்கருக்கு 600 முதல் 800 கிலோ வரை செலவாகும் விதையை, ஒற்றைக் கணுத் துண்டுகளாக வெட்டிக் குழித்தட்டில் சுமார் ஒரு மாதம் வளர்த்து நடுவதன் மூலம் ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கலாம். வெட்டும்போதே அழுகிய துண்டு கண்ணில் பட்டுவிடும் என்பதே எனக்கு இம்முறையில் பெரிதாகத் தோன்றும் லாபம்.

இரண்டாவது, வேக்காடு. மாதிரியைப் பார்த்து விலை வைக்கும் ஏலத்தில், விரலியும் (பக்கவாட்டில் விரல்போல் கிளைப்பது) கிழங்கும் (நடுவிலுள்ள தாய்க்கிழங்கு) கலந்த குவியலுக்கு நல்ல விலை வராது. அறுவடையன்றே இரண்டையும் பிரித்து, இரண்டு மூன்று நாட்களுக்குள் தனித்தனியாக வேக வையுங்கள். நுரை கட்டி, மஞ்சள் மணம் எழும்பி, ஈர்க்குச்சி தடையின்றி உள்ளே இறங்கினால் போதும். பொதுவாக 45 முதல் 60 நிமிடம் பிடிக்கும். அதற்கு மேல் வெந்தால் நிறம் கெடும், குறைந்தால் காய்ந்த மஞ்சள் நொறுங்கும். மண்தரையில் நேரடியாகக் கொட்டாமல் சுத்தமான களத்தில் 10 முதல் 15 நாள் காயவைத்து, இரவில் மூடுங்கள். ஒடித்தால் உலோகம் தட்டியது போன்ற ஓசை வர வேண்டும். மெருகேற்றும்போது நிறத்துக்காக எந்தச் சாயமும் சேர்க்காதீர்கள். ஈயம் கலந்த மஞ்சள் சாயங்கள் நஞ்சு.

நன்றாகக் காய்ந்த சரக்கு கெடாமல் நிற்கும் என்பதால், விலை சரிந்த வாரத்தில் விற்றே தீர வேண்டியதில்லை. ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் இருப்பு வைத்து, அந்தச் சரக்கையே ஈடாகக் காட்டிப் பொருளீட்டுக் கடன் பெறும் வழியை அங்கேயே விசாரியுங்கள். பொடியை அடுத்த ஆண்டு, உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்துக்கொண்டு, உங்கள் சொந்த விரலியில் ஒரு சிறு பகுதியை மட்டும் அரைத்துத் தொடங்கலாம்.