அத்தை வீட்டுக்குப் போகவும் இ-பாஸ் வேண்டுமா?

மதுரை வாசகி ஒருவரின் கேள்வி: சித்திரை விடுமுறையில் பதினோரு பேர் வாடகை வேனில் கோத்தகிரியிலுள்ள அத்தை வீட்டுக்குப் போகிறோம். விடுதியில் தங்கப்போவதில்லை. எங்களுக்கும் இ-பாஸ் தேவையா? வேன் பிடித்துக் கொடுக்கும் தரகர் அதற்குத் தனியாக 800 ரூபாய் கேட்கிறார். பிள்ளைகளை அங்கே காட்டுப் பக்கம் நடக்க அழைத்துச் செல்லலாமா?

பதில்: தேவை. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இந்த இணையவழி அனுமதிச்சீட்டு, கோத்தகிரியை உள்ளடக்கிய நீலகிரி மாவட்டத்துக்குள் நுழையும் வண்டியைக் கணக்கெடுப்பதற்கானது. நீங்கள் அத்தையைப் பார்க்கப் போகிறீர்களா, மலர்க் கண்காட்சிக்குப் போகிறீர்களா என்பது சோதனைச் சாவடிக்குப் பொருட்டில்லை.

ஆனால் அந்த 800 ரூபாயைக் கொடுக்காதீர்கள். இ-பாஸுக்கு அரசு ஒரு பைசாவும் வாங்குவதில்லை. கைபேசி எண், வண்டி எண், ஆட்களின் எண்ணிக்கை, போகும் நாள், திரும்பும் நாள் ஆகியவற்றை நீங்களே இணையத்தில் பதிவு செய்துவிடலாம். பணம் போவதைவிடப் பெரிய சிக்கல், தரகர் ஒரு வண்டியின் எண்ணுக்குப் பாஸ் எடுத்துவிட்டு, விடியற்காலையில் வேறு வண்டியை வாசலில் நிறுத்துவதுதான். அப்படி ஏமாந்த ஒரு குடும்பத்தினர் கோத்தகிரி வழியிலுள்ள குஞ்சப்பனைச் சாவடியில், வாந்தியெடுக்கும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, சிக்னல் வராத கைபேசியில் புதிய பாஸ் எடுக்கப் போராடியதை நானே பார்த்தேன். வேனின் பதிவுச் சான்றிதழைப் படமெடுத்து வாங்கிய பிறகே விண்ணப்பியுங்கள். வாடகை வண்டிக்குரிய மஞ்சள் எண் பலகை இல்லாத சொந்த வண்டியை வாடகைக்கு அனுப்பினால் ஏறவே ஏறாதீர்கள். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடக்கூடும்.

2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பு வைத்தார்கள். வரம்பு கூடுதலாக இருந்தாலும் வார இறுதியில்தான் கூட்டம் மோதும்; எனவே செவ்வாய், புதன் போன்ற நாட்களில் கிளம்புவது நல்லது. வண்டிகளை எண்ணத் தெரிந்தவர்களுக்கு, அவை வந்து சேரும் ஊரில் நிறுத்த இடம் ஒதுக்கத் தெரியவில்லை என்பது வேறு கதை.

விலக்கு ஒன்று உண்டு. அதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நீலகிரியில் பதிவான, அதாவது டிஎன் 43 என்று தொடங்கும் வண்டிக்குப் பாஸ் வேண்டாம். இந்த விலக்கு வண்டிக்குத்தான், உறவுக்கு அல்ல. உங்கள் அத்தை மகன் தம்முடைய டிஎன் 43 ஜீப்பில் மேட்டுப்பாளையம் வந்து உங்களை ஏற்றிச் சென்றால் பாஸ் தேவையில்லை. அவரே உங்கள் மதுரை வேனில் முன்னிருக்கையில் அமர்ந்து, தாம் உள்ளூர்க்காரர் என்று ஆதார் அட்டையை நீட்டினாலும் வேனுக்குப் பாஸ் வேண்டும்.

நடை விஷயத்துக்கு வருகிறேன். அத்தை வீட்டார் அறிந்த தேயிலைத் தோட்டப் பாதைகளில், வெயில் ஏறிய பிறகு, பெரியவர் ஒருவர் முன்னே செல்ல நடங்கள். கோத்தகிரித் தோட்டங்களில் காட்டுமாடு பசுவைப் போல் அமைதியாக நிற்கும்; படமெடுக்க நெருங்காமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள். சோலைக்காடு காப்புக்காடாக இருந்தால் வனத்துறை அனுமதியின்றி நுழைவது குற்றம். 'நான் கூட்டிப் போகிறேன்' என்று சாலையோரம் நிற்பவரின் வாய்ச்சொல் அனுமதி ஆகாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் பலர் உயிரிழந்த பிறகும் இப்படிக் காட்டுக்குள் கூட்டிப்போகும் தொழில் ஓயவில்லை.

குடிநீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டு செல்லுங்கள். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை இருக்கிறது. அதையும் சாவடியிலேயே பார்ப்பார்கள்.