தலை ஆடும் மலைப்பாம்பு: குட்டி எடுக்கலாமா?

கேள்வி: மருத்துவர் ஐயா, என் மகன் வாங்கி வந்த 'ஸ்பைடர்' வகை பந்து மலைப்பாம்பு, இரையைக் கவ்வப் பாயும்போது தலை மல்லாந்து திரும்பிக் குறி தவறுகிறது. இது நோயா? ஜோடி சேர்த்துக் குட்டிகளை விற்க நினைக்கிறான்.
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: இது தொற்றுநோய் அன்று, தங்கள் பராமரிப்பின் குறையும் அன்று. சிலந்தி வலை போன்ற அந்த அழகிய கோலத்தைத் தரும் மரபணுவே சமநிலையையும் குலைக்கிறது. உட்செவியில் உடலின் நிலையை உணர்த்தும் அரைவட்டக் குழல்களும் அவற்றை ஒட்டிய பையும் இவ்வகைப் பாம்புகளில் உருக்குலைந்திருப்பதை, 2022-இல் வெளியான ஸ்கேன் ஆய்வு ஒன்று காட்டியது. இதற்கு மருந்தில்லை.

இம்மரபணு ஓங்கு தன்மை உடையது; அதாவது, தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்பட்டுவிடும். ஆகவே, சாதாரணப் பாம்புடன் சேர்த்தாலும் குட்டிகளில் ஏறத்தாழ பாதி இக்குறையுடன் பிறக்கும். தாய்க்கோ தந்தைக்கோ ஆட்டம் லேசாக இருந்தால் குட்டிக்கும் அப்படியே இருக்கும் என்று விற்பவர்கள் சொல்வதை நம்பாதீர்கள். நிமிர்ந்து இரை கொள்ளவே திணறும் குட்டியும் அதே ஈட்டில் பிறக்கலாம். நிறத்துக்குக் கூடுதல் வெள்ளி கிடைக்கிறது என்பதற்காக, துன்பம் உறுதி என்று தெரிந்தே ஓர் உயிரைப் பிறப்பிப்பதை என்னால் ஏற்க முடியாது. தயவுசெய்து மகனைத் தடுத்துவிடுங்கள்.

இருக்கும் பாம்பை அன்புடன் வளர்க்கலாம். பதற்றம் ஆட்டத்தைக் கூட்டும் என்பதால் அடிக்கடி கையில் எடுக்க வேண்டாம். ஒளிந்துகொள்ள இருட்டிடம் அமைத்து, இரையை இடுக்கியால் வாயருகே நீட்டுங்கள். ஆட்டம் திடீரென அதிகரித்தால், கூண்டின் வெப்பநிலையைச் சரிபார்த்துவிட்டு, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.