தாளமானத் தாள்: எந்த உரிமம் போடுவது?

தாளமானம், அதாவது சிலையின் உடல் அளவுமுறையை, மாணவர்களுக்குக் கற்பிக்கப் புகைப்படத்தின்மேல் கோட்டுப்படம் பொருத்தித் தாள் செய்து, அதற்கு எந்த உரிமம் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். அந்தத் தாளுக்கு எந்த உரிமமும் போட முடியாது. விக்கிமீடியா காமன்ஸ் என்ற இணையப் படக் களஞ்சியத்தின் புகைப்படம் பிஒய்-எஸ்ஏ, அதன்மேல் பொருத்திய கோட்டுப்படம் பிஒய்-என்சி-எஸ்ஏ; இரண்டும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள். இரண்டுமே 'என் உரிமத்திலேயே வெளியிடு' என்பவை. ஒன்று வணிகத்தை அனுமதிக்கிறது, மற்றது தடுக்கிறது. தனித்தனிப் பக்கங்களில், அவரவர் உரிமத்தோடு வைத்தால் சிக்கலில்லை.

சோழர் காலச் சிலை, படமும் பொதுவுடைமைதான் (பதிப்புரிமை இல்லாதது) என்று எடுத்திருப்பீர்கள். சிலை பொது, புகைப்படம் எடுத்தவருடையது.

நியூயார்க் மெட் அருங்காட்சியகம் 2017 முதல் பொதுவுடைமைப் படைப்புகளின் படங்களை சிசி0-வில், அதாவது எந்த நிபந்தனையும் இல்லாமல், தருகிறது, சோழர் செப்புத்திருமேனிகளும் உண்டு. படத்தருகே 'ஓப்பன் ஆக்சஸ்' குறி இருக்கிறதா பாருங்கள். நேர்முகப் படமாகத் தேர்ந்தெடுங்கள். கேமரா சாய்ந்திருந்தால் உத்தம தசதாளம் என்ற அளவுமுறையின் 124 அங்குலம் (இங்கே இன்ச் அல்ல, சிலையின் உயரத்தைப் பிரித்த பங்கு) முகத்தில் ஓர் அளவு, காலில் ஓர் அளவு என்று விலகிவிடும்.

அளவுக் கோடுகளையும் மாணவர்களே போடுவது இன்னும் நல்லது. சுவாமிமலை ஸ்தபதிகள் (சிற்பிகள்) தென்னை ஓலையை மடித்து அளவு பிரிப்பார்கள். கும்பகோணத்திலிருந்து எட்டும் தூரம்தான், நேரில் காட்டுங்கள். சிசி0 படமும் சொந்தக் கோடுகளுமாக இருந்தால் தாளுக்கு நீங்கள் விரும்பிய உரிமத்தைப் போடலாம்.

ஒன்று: வகுப்பில் கற்பிக்கப் பிரதி எடுக்கப் பதிப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதை நம்பி இணையத்தில் ஏற்றிவிடாதீர்கள்.