மியூவான் கற்றையைக் குளிர்விக்கும் திண்மங்கள்: மகளை எதில் சேர்ப்பது?

பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப்போகும் உங்கள் மகளுக்குத் துகள் கற்றையைக் குளிர்விக்கும் பொருள்களை உருவாக்கும் வேலை மேல் ஆசை. இயற்பியலா, பொறியியலா என்று கேட்கிறீர்கள். எங்கள் பதில்: உலோகவியல் மற்றும் பொருள் பொறியியல். திருச்சி என்.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி., கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி மூன்றிலும் உலோகவியல் துறை இருக்கிறது.

குளிர்விப்பது என்றால், சிதறலாக ஓடும் துகள்களை ஒடுக்கமான கற்றையாக்குவது. மியூவான் என்பது எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான துகள். அது பிறந்து சராசரியாக 2.2 மைக்ரோ நொடியில் சிதைந்துவிடும். பழைய குளிர்விப்பு முறைகளுக்கு அந்த நேரம் போதாது. ஆகவே கற்றையை லேசான பொருள் ஒன்றின் வழியே செலுத்துகிறார்கள். எல்லாத் திசையிலும் உந்தம் குறைகிறது. பிறகு ரேடியோ அலைவெண் குழிகள் (மின்புலத்தால் துகளை முடுக்கும் உலோகக் கூடுகள்) முன்னோக்கிய உந்தத்தை மட்டும் திருப்பித் தருகின்றன. இங்கிலாந்தின் ரூதர்ஃபோர்டு ஆப்பிள்டன் ஆய்வகத்தில் நடந்த மைஸ் (மியூவான் அயனியாக்கக் குளிர்விப்பு) சோதனை, பொருளுக்குள் கற்றை ஒடுங்குவதை 2020-இல் நேச்சர் இதழில் நிறுவிக் காட்டியது. அதில் திரவ ஹைட்ரஜனோடு 65 மி.மீ. தடிமனுள்ள லித்தியம் ஹைட்ரைடு வட்டும் பயன்பட்டது.

ஏன் லித்தியம் ஹைட்ரைடு? அணுக்கருக்கள் மியூவானைச் சிதறடித்துக் கற்றையைத் திரும்பச் சூடாக்கும். கதிர்வீச்சு நீளத்தையும் (இது கூடினால் சிதறல் குறையும்) ஆற்றல் இழப்பு வீதத்தையும் பெருக்கினால் வரும் எண் பெரிதாக இருந்தால் நல்லது. திரவ ஹைட்ரஜனுக்கு 254, லித்தியம் ஹைட்ரைடுக்கு 151, பெரிலியத்துக்கு 104, கார்பனுக்கு 74 மெகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு). திரவ ஹைட்ரஜன்தான் முதலிடம். ஆனால் அதற்கு 20 கெல்வின் குளிரும், தீப்பிடிக்கும் வாயுவுக்கான பாதுகாப்பும், மெல்லிய சன்னல்களும் வேண்டும். திண்மத்தை வேண்டிய வடிவில் வெட்டலாம். உந்த வேறுபாட்டைக் குறைக்க ஆப்பு வடிவமும் செய்யலாம்.

கடினமான பகுதி உற்பத்திதான். லித்தியம் ஹைட்ரைடு காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து ஹைட்ராக்சைடு ஆகி, ஹைட்ரஜனை வெளியேற்றும். பொடியை ஆர்கான் நிரப்பிய கையுறைப் பெட்டியில்தான் கையாள வேண்டும். அழுத்தி வார்க்கும்போது உள்ளே வெற்றிடம் தங்கினால், ஒரு மியூவான் அதிக ஆற்றலையும் மற்றொன்று குறைவான ஆற்றலையும் இழக்கும். கற்றை ஆற்றலில் பரவிவிடும். பொருள் நொறுங்கும் தன்மையுள்ளது, சூடேறினால் நிறைய விரியும். ஆகவே வேகமாகக் குளிரவைத்தால் வெடிப்பு விழும். கடையும்போது நீர் கலந்த குளிர்விப்பான் கூடவே கூடாது. தீப்பிடித்தால் தண்ணீரோ கார்பன் டை ஆக்சைடோ அடிக்கக் கூடாது. முடித்த வட்டின் மேல் ஈரம் நுழையாத மெல்லிய பாரிலீன் பூச்சு பூசுவார்கள். இவை அத்தனையும் பொருள் பொறியாளரின் கைவேலை.

இயற்பியலையும் விட்டுவிட முடியாது. இரண்டாம் ஆண்டில் துகள்கள் பொருளுக்குள் செல்வதைக் கணினியில் கணித்துக் காட்டும் இலவச மென்பொருளான ஜியான்ட்4-இல் இந்தப் பயிற்சியைச் செய்யச் சொல்லுங்கள்: 200 மெகா எலக்ட்ரான் வோல்ட் உந்தமுள்ள 10,000 மியூவான்களை அந்த 65 மி.மீ. வட்டில் செலுத்த வேண்டும். சராசரி இழப்பு சுமார் 10 மெகா எலக்ட்ரான் வோல்ட் வர வேண்டும். பிறகு அதே அளவு இழப்பு தரும் கிராஃபைட் தடிமனைக் கண்டுபிடித்து, இரண்டிலும் கோணச் சிதறலை ஒப்பிட வேண்டும். இங்கே பலர் சறுக்குவார்கள். மென்பொருளில் உள்ள லித்தியம் ஹைட்ரைடு இயற்கை லித்தியத்தால் ஆனது, அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.82 கிராம். மைஸ் வட்டிலோ பெரும்பாலும் லித்தியம்-6 என்ற லேசான ஐசோடோப்பு (லித்தியத்தின் ஒரு வகை அணு). அடர்த்தி சுமார் 0.7. அடர்த்தியை மட்டும் மாற்றி ஐசோடோப்பை மாற்றாவிட்டால் எலக்ட்ரான் எண்ணிக்கை குறைந்து, இழப்பை உண்மையைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவாகக் காட்டும்.

வேலை விஷயத்தில் உள்ளதைச் சொல்கிறோம். இந்தப் பெயரில் விளம்பரம் வராது. இப்படிக் குளிர்வித்த கற்றைகளை ஒன்றோடொன்று மோதவிடும் மியூவான் மோதுவி கட்டப்படுமா என்பதே இன்னும் முடிவாகவில்லை. அதனால்தான் தனித்து நிற்கும் பட்டம் வேண்டும் என்கிறோம். ஈரம் படாமல் பொருளைக் கையாளும் திறமைக்கு லித்தியம் மின்கல ஆலைகளிலும் அணுக்கரு இணைவு ஆய்விலும் இடமுண்டு. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் திரவ சோடியத்தோடு வேலை செய்கிறது. தண்ணீரைக் கண்டால் சீறும் பொருள் அதுவும். பொறியியல் பட்டதாரிகளுக்கான கேட் தேர்வின் மதிப்பெண் இருந்தால் அணுசக்தித் துறையின் பயிற்சிப் பள்ளி நேர்காணலுக்கு முயலலாம். இந்தியா 2017 முதல், ஜெனீவா அருகே உள்ள ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் இணை உறுப்பு நாடு. மூன்று ஆண்டுக் கல்லூரிப் படிப்பு முடிந்ததும் அங்குள்ள கோடைக்கால மாணவர் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். அந்த ஜியான்ட்4 பயிற்சியின் முடிவுகளை விண்ணப்பத்தில் குறிப்பிடச் சொல்லுங்கள்.